தொடர்குழு ஆய்வில் வினாவின் மொழி

1. முன்னுரை

ஒரு சமுதாயம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதை அறிவதற்கும், அது எவ்வாறு மாறி வருகிறது என்பதை அறிவதற்கும் வேறுவேறு கருவிகள் தேவைப்படுகின்றன. மக்களிடம் ஒருமுறை வினவிப் பெறும் விடைகள் அன்றைய நிலையைக் காட்டும். ஐந்தாண்டு கழித்து வேறு மக்களிடம் அதே வினாக்களைக் கேட்டால் மொத்தத்தில் ஏற்பட்ட மாற்றம் புலப்படும். ஆயின் யார் மாறினர், எது நிகழ்ந்த பின் மாறினர் என்பன புலப்படமாட்டா. வேலையற்றோர் விகிதம் இரு கணிப்புகளிலும் ஒன்றாகவே இருக்கலாம். அதே மனிதர்கள் ஐந்தாண்டும் வேலையின்றி இருந்தனரா, ஒரு சாரார் வேலை பெற மற்றொரு சாரார் இழந்தனரா என்பதை அவ்விகிதம் கூறாது. இவை இரண்டும் முற்றிலும் வேறான சமுதாய நிலைகள். இவற்றைப் பிரித்தறிய வேண்டுமாயின் ஒரே மக்களிடம் மீண்டும் மீண்டும் வினவுதல் வேண்டும்.

இவ்வாறு பலமுறை வினவுவதற்கென்று தெரிந்தெடுத்து வைத்துக்கொள்ளும் மக்கள் தொகுதியைப் 'பேனல்' என்பர். இக்கட்டுரையில் அது தொடர்குழு எனப்படுகிறது. பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடன் பணியாற்றியோரும் 1940ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது ஒகையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை தொடர்ந்து வினவிய ஆய்வு இம்முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அன்று வினவுநர் வீடுவீடாகச் சென்றனர். இன்று அப்பணியின் பெரும்பகுதி இணையவழி நிகழ்கிறது. வினவுநர் இல்லை, திரையில் தோன்றும் வினா மட்டுமே விடையாளர்முன் நிற்கிறது.

தொடர்குழு ஆய்வு இரண்டு நிலைபேறுகளைச் சார்ந்தது. ஒன்று, அதே மக்கள் நிலைத்திருத்தல். மற்றொன்று, அதே வினா நிலைத்திருத்தல். முன்னது புள்ளியியலார் கவலை என்றும் பின்னது மொழியறிஞர் கவலை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இரண்டுமே மொழியைச் சார்ந்தவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குழுவை அமைத்தல்

இணையவழிக் குழுக்கள் இரு வகைப்படும். விரும்பியோர் தாமே வந்து பதிவு செய்துகொள்வது ஒருவகை. ஆய்வாளர் முழுமையான முகவரிப் பட்டியல் அல்லது மக்கள் பதிவேட்டிலிருந்து நிகழ்தகவு முறையில் தெரிந்தெடுத்து அழைப்பது மற்றொரு வகை. முன்னதில் எண்ணிக்கை எளிதில் பெருகும். ஆயினும் எண்ணிக்கைப் பெருக்கம் சார்பாண்மையை உறுதி செய்யாது. அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 1936இல் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அஞ்சல்வழி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 23 இலட்சம் அளவிலான விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் எனக் கணித்தது. 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோரின் பட்டியல்கள் பெரிதும் பயன்பட்டமையும், விடை அனுப்பியோர் அனுப்பாதோரிடமிருந்து வேறுபட்டிருந்தமையும் பிழைக்குக் காரணங்களாயின. இணைய வசதி உள்ளோரை மட்டும் கொண்டு அமையும் குழுவுக்கும் இவ்விடர் உண்டு.

இதற்குத் தீர்வு இணையம் பரவுவதற்கு முன்பே காணப்பட்டது. நெதர்லாந்தில் வில்லெம் சாரிஸ் 1986இல் தொடங்கிய 'டெலிபேனல்' என்னும் குழுவில், தெரிந்தெடுத்த குடும்பங்களுக்குக் கணிப்பொறியும் மோடமும் ஆய்வாளராலேயே வழங்கப்பட்டன. வினாக்கள் தொலைபேசிக் கம்பிவழி வீட்டுக்கு வந்தன. விடைகள் அதே வழியில் திரும்பின. கருவி உள்ளவரைத் தேடாமல், தெரிந்தெடுத்தவருக்குக் கருவி தருதல் என்னும் இக்கோட்பாடே பின்னர் வந்த குழுக்களுக்கு அடிப்படையாயிற்று. அமெரிக்காவில் 1990களின் இறுதியில் தோன்றிய 'நாலெட்ஜ் நெட்வொர்க்ஸ்' நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கத்தக்க 'வெப் டிவி' கருவியை உறுப்பினர்க்கு அளித்தது. பிரான்சில் 2012இல் அமைந்த 'எலிப்ஸ்' குழு கைக்கணினிகளை வழங்கியது. ஜெர்மனியின் 'கெசிஸ்' குழு வேறு வழியைக் கொண்டது. இணையத்தில் விடையளிக்க இயலாதோர்க்கு அது வினாநிரலை அஞ்சலில் அனுப்புகிறது.

இவற்றுள் விரிவாக ஆவணப்படுத்தப்பட்ட ஒன்று, நெதர்லாந்தின் தில்பர்க் நகரிலுள்ள 'சென்டர்டேட்டா' நிறுவனம் 2007இல் தொடங்கிய 'லிஸ்' குழுவாகும். நாட்டின் புள்ளியியல் துறை மக்கள் பதிவேட்டிலிருந்து முகவரிகளைத் தெரிந்தெடுத்துத் தந்தது. முதலில் கடிதமும் விளக்கக் கையேடும் சென்றன. அதன்பின் தொலைபேசி வழியாகவோ நேரிலோ அழைப்பு விடுக்கப்பட்டது. தாமே பதிவு செய்துகொள்ள எவருக்கும் இடமில்லை. கணிப்பொறி இல்லாதோர்க்கு, பயன்படுத்த எளிதாக வடிவமைக்கப்பட்ட கணிப்பொறியும் இணைய இணைப்பும் தரப்பட்டன. ஏறத்தாழ 5,000 குடும்பங்களைச் சேர்ந்த, 16 வயதும் அதற்கு மேலும் ஆன 7,500 பேர் கொண்டதாக அக்குழு அமைந்தது.

3. குழுவைப் பேணுதல்

குழுவை அமைப்பதைவிட அதனைப் பேணுதல் அரிது. ஆண்டுதோறும் சிலர் இறப்பர். சிலர் இடம் பெயர்வர். சிலர் சலிப்புற்று விலகுவர். இதனைக் குழுத் தேய்வு எனலாம். தேய்வு எல்லாப் பிரிவினரிடமும் ஒரே அளவில் நிகழுமாயின் இழப்பு எண்ணிக்கையளவில் நின்றுவிடும். ஆனால் சில பிரிவினர் மற்றவர்களைவிட விரைந்து விலகுவதுண்டு. அப்போது எஞ்சிய குழு மக்கள்தொகையின் சாயலை மெல்ல இழக்கிறது.

தேய்வைக் குறைக்கக் கையாளும் வழிகள் எளியவை. ஆயின் இடைவிடாது செய்ய வேண்டியவை. விடையளிக்கும் காலத்துக்கு ஊதியம் தருதல், மாதந்தோறும் கேட்கும் வினாக்களை அரைமணிக்குள் அடக்குதல், ஆய்வின் முடிவுகளை உறுப்பினர்க்குச் செய்திமடல்வழி அறிவித்தல், சில மாதம் விடையளிக்காதவரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டல், ஐயம் எழுந்தால் அழைக்க ஓர் உதவி எண் வைத்திருத்தல் ஆகியன அவ்வழிகள். லிஸ் குழுவின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனையில், பின்னர்த் தருவதாக உறுதி கூறிய தொகையைவிட, அழைப்புக் கடிதத்துடன் முன்கூட்டியே வைத்து அனுப்பிய 10 யூரோ மிகுந்த பயன் தந்தது. தேய்வால் குறைந்த பிரிவினரை ஈடுசெய்யக் காலந்தோறும் புதிய மாதிரிகளும் சேர்க்கப்படுகின்றன.

நெடுநாள் நிலைத்திருப்போரிடமும் ஓர் இடர் உண்டு. பலமுறை வினவப்பட்டவர் வினாக்களுக்குப் பழகிவிடுகிறார். 'ஆம்' என்றால் பத்துத் துணைவினாக்கள் தொடரும் என்பதை அறிந்தவர் 'இல்லை' என்று கூறக்கூடும். அரசியலில் நாட்டமில்லாதிருந்தவர், தம்மிடம் கேட்கப்போகிறார்கள் என்பதற்காகவே செய்தித்தாள் படிக்கத் தொடங்கலாம். இதனைப் பழக்க விளைவு எனலாம். புதிதாகச் சேர்ந்தோரின் விடைகளைப் பழைய உறுப்பினரின் விடைகளோடு ஒப்பிடுவதன்மூலம் இவ்விளைவின் அளவை மதிப்பிடுகின்றனர். இவ்வொப்பீடு பொருளுடையதாக இருக்க, இரு சாராரும் ஒரே சொற்களாலான வினாவைப் பெற்றிருத்தல் வேண்டும்.

4. மொழி என்னும் வாயில்

கணிப்பொறி இல்லாதவருக்குக் கணிப்பொறி தரலாம். குழுவின் மொழி தெரியாதவருக்கு எதனைத் தருவது என்னும் வினா இன்னும் கடினமானது. லிஸ் குழுவின் வினாநிரல் டச்சு மொழியில் அமைந்தது. டச்சு மொழியை அறிந்த பெரியவர் ஒருவரும் இல்லாத குடும்பங்கள் மாதிரிக்குத் தகாதவை எனக் கொள்ளப்பட்டன. 2010 முதல் 2014 வரை குடியேறியோர்க்கென ஏறத்தாழ 1,600 குடும்பங்கள் கொண்ட தனிக்குழு ஒன்று நடத்தப்பட்டது. அவற்றுள் 1,100 அளவினவை வெளிநாட்டு வழிவந்த குடும்பங்கள். முதன்மைக் குழுவில் இத்தகையோரின் எண்ணிக்கை தனித்து ஆராயப் போதாது என்பதை இம்முயற்சி உணர்த்துகிறது. அமெரிக்காவில் 2014இல் பியூ ஆய்வு மையம் அமைத்த குழு ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய இரு மொழிகளில் வினவுகிறது. இவ்விரு மொழியும் படிக்க இயலாதோரின் கருத்து அக்குழுவின் விகிதங்களில் இடம்பெறுவதில்லை.

எத்தனை மொழிகளில் வினவுவது என்பதற்கு ஐரோப்பியச் சமுதாய அளவாய்வு ஒரு வரம்பை வகுத்துள்ளது. ஒரு நாட்டின் மக்கள்தொகையில் 5 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ முதன்மொழியாகப் பேசும் ஒவ்வொரு மொழியிலும் வினாநிரல் அமைய வேண்டும் என்பது அவ்வரம்பு. எஸ்தோனியாவில் எஸ்தோனிய மொழியுடன் ரஷிய மொழியிலும் வினவப்படுவது இதன் பயனாகும்.

இவ்வரம்பை இந்தியாவுக்குப் பொருத்திப் பார்த்தல் பயன் தரும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தி 43.63, வங்காளம் 8.03, மராத்தி 6.86, தெலுங்கு 6.70, தமிழ் 5.70 விழுக்காட்டினரின் தாய்மொழிகளாகும். 5 விழுக்காட்டைக் கடப்பவை இவ்வைந்து மட்டுமே. தமிழ் சிறிது இடைவெளியில் தேறுகிறது. குஜராத்தி 4.58 விழுக்காட்டுடனும், உருது 4.19 விழுக்காட்டுடனும், கன்னடம் 3.61 விழுக்காட்டுடனும், மலையாளம் 2.88 விழுக்காட்டுடனும் நின்றுவிடுகின்றன. ஐந்தரைக் கோடிப் பேரின் மொழியாகிய குஜராத்தி, எஸ்தோனியாவின் மொத்த மக்கள்தொகையைப்போல் நாற்பது மடங்குக்கு மேற்பட்டோர் பேசும் மொழியாகும். இந்தி என்னும் தலைப்பின்கீழ்ப் போஜ்புரி, ராஜஸ்தானி முதலிய பல தாய்மொழிகள் தொகுக்கப்பட்டுள்ளன என்பதும் மொழியியலார் அறிந்ததே. எனவே ஒரு சூழலுக்கென வகுத்த விழுக்காட்டு வரம்பு வேறொரு சூழலில் கோடிக்கணக்கானோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடும். இந்தியாவில் மாநிலத்தை அலகாகக் கொண்டு வரம்பை வகுப்பது இதனினும் பொருத்தமாகும்.

5. வினாவின் நிலைபேறு

சொல் மாறினால் விடை மாறும் என்பதற்கு டொனால்டு ரக் 1941இல் வெளியிட்ட சோதனை சான்றாகும். மக்களாட்சிக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அமெரிக்கா அனுமதிக்க வேண்டுமா என ஒரு சாராரிடமும், அவற்றைத் தடை செய்ய வேண்டுமா என மற்றொரு சாராரிடமும் கேட்கப்பட்டது. முதற்பிரிவில் 62 விழுக்காட்டினர் அனுமதிக்கலாகாது என்றனர். இரண்டாம் பிரிவில் 46 விழுக்காட்டினரே தடை செய்ய வேண்டும் என்றனர். அனுமதிக்காமையும் தடை செய்தலும் தருக்க நோக்கில் ஒன்றே. விடையாளர் நோக்கில் தடை என்னும் சொல் கடுமை மிக்கது. இரு சொற்களுக்கும் இடையே 16 விழுக்காடு வேறுபாடு உள்ளது.

ஒரு தொடர்குழுவில் முதல் ஐந்தாண்டு 'அனுமதிக்க வேண்டுமா' என்று கேட்டுவிட்டு, ஆறாம் ஆண்டில் நடை நயம் கருதி எவரேனும் 'தடை செய்ய வேண்டுமா' என்று மாற்றினால், சமுதாயம் ஓராண்டில் சகிப்புத்தன்மை மிக்கதாக மாறிவிட்டது என்னும் தவறான முடிவு கிடைக்கும். இலக்கிய மொழிபெயர்ப்பில் இரண்டாம் பதிப்பில் சொல்லைச் செம்மை செய்வது பாராட்டுக்குரியது. அளவாய்வில் அதே செயல் அளவுகோலையே மாற்றிவிடுகிறது. சிறிது குறையுடைய வினாவாயினும் மாறாதிருப்பின் மாற்றத்தை அளக்கும். செம்மை செய்யப்பட்ட வினா செம்மை செய்த ஆண்டிலிருந்தே அளக்கத் தொடங்கும். ஆகவே முதல் ஆண்டில் மொழிபெயர்ப்பாளர் செய்யும் பிழை பதினைந்தாண்டு நிற்கக்கூடும். அவர் தொடக்கத்தில் செலவிடும் காலம் ஒருபோதும் வீணாவதில்லை.

சில நேரங்களில் மாற்றம் தவிர்க்க இயலாததாகிறது. ஒரு சொல் வழக்கொழியலாம். ஒரு பிரிவினரை இழிவுபடுத்துவதாக உணரப்படலாம். அவ்வாண்டில் குழுவைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பகுத்து, ஒரு பாதிக்குப் பழைய வினாவையும் மறுபாதிக்குப் புதிய வினாவையும் தருதல் வேண்டும். இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு சொல்லால் விளைந்ததேயன்றிச் சமுதாயத்தால் விளைந்ததன்று எனக் கொள்ளலாம். அதனைக் கொண்டு பழைய தொடரையும் புதிய தொடரையும் இணைக்க இயலும்.

6. மொழிபெயர்ப்பு நெறி

மொழிபெயர்த்த வினாவை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடும் முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. இம்முறை மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒட்டிய பெயர்ப்பையே சிறந்ததெனக் காட்டும். பெயர்ப்புமொழியில் அத்தொடர் இயல்பாக ஒலிக்கிறதா என்பதைக் காட்டாது. மனச்சோர்வை அளக்கும் 'செஸ்-டி' அளவுகோலில் 'ப்ளூஸ்' என்னும் வழக்குச்சொல் துயரத்தைக் குறிக்கிறது. அதனை நிறப்பெயராக மொழிபெயர்த்தாலும் மீள்பெயர்ப்பில் நீலம் சரியாகவே திரும்பி வரும். பொருள் மட்டும் வராது. உடல்நலம் பற்றிய 'எஸ்எஃப்-36' வினாநிரலில் இரு குறுக்குத்தெருக்களுக்கு இடைப்பட்ட நீளமாகிய ஒரு 'பிளாக்' தொலைவு நடத்தல் பற்றிய வினா, பிற நாடுகளில் மீட்டர் கணக்கில் தகவமைக்கப்பட்டது. அங்குச் சொல் மாறியது, அளவு நிலைத்தது.

இக்குறைகளைக் களைய ஜேனட் ஹார்க்னெஸ் முன்வைத்த ஐந்துபடி நெறியை ஐரோப்பியச் சமுதாய அளவாய்வு பின்பற்றுகிறது. இரு மொழிபெயர்ப்பாளர் தனித்தனியே பெயர்த்தல், இருவரும் பொருளறிஞரும் கூடி மீளாய்தல், ஒருவர் முடிவு செய்தல், மக்களிடம் முன்சோதனை நடத்துதல், எல்லாவற்றையும் ஆவணப்படுத்துதல் என்பன அப்படிகள். மூல வினாநிரலிலேயே மொழிபெயர்ப்பாளர்க்கெனக் குறிப்புகள் இடம்பெறுகின்றன. நண்பர், உறவினருடன் கூடிப் பழகுதல் பற்றிய வினாவில், பணி காரணமாகவோ கடமைக்காகவோ அன்றித் தாமே விரும்பிச் சந்தித்தல் என்று பொருள் வரையறுக்கப்பட்டுள்ளது. நெடுங்கால ஆய்வில் ஐந்தாம் படியாகிய ஆவணமே முதன்மையானது. ஒரு சொல்லைத் தேர்ந்தவர் ஓய்வு பெற்ற பின்னும் அதனைத் தேர்ந்த காரணம் எஞ்சியிருந்தால்தான் பின்வருவோர் அதனைத் 'திருத்தாமல்' இருப்பர்.

7. தமிழில் எழும் சிக்கல்கள்

தமிழில் இத்தகைய வினாநிரலை ஆக்க முற்படுவோர் நான்கு சிக்கல்களை எதிர்கொள்வர்.

முதலாவது இரட்டை வழக்கு. நேரில் வினவும்போது, தாளில் எழுத்து வழக்கில் உள்ள வினாவை வினவுநர் பேச்சு வழக்குக்கு மாற்றிக் கேட்பது இயல்பு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக மாற்றுவர் என்பது அம்முறையின் குறை. கேட்பவருக்குப் புரியும் என்பது அதன் நிறை. இணையவழியில் குறையும் நீங்குகிறது, நிறையும் நீங்குகிறது. 'தங்களது குடும்பத்தின் பொருளாதார நிலைமை குறித்துத் தாங்கள் கொண்டுள்ள மதிப்பீடு யாது?' என்பதை, 'உங்கள் குடும்பத்தின் வரவு செலவு நிலை இப்போது எப்படி இருக்கிறது?' என்று எழுதினால் எழுத்து வழக்கும் கெடாது. கல்வி குறைந்தோரும் விலகார். கடின நடை குழுத் தேய்வுக்கு நேரடிக் காரணமாகலாம்.

இரண்டாவது தன்மைப் பன்மை. 'நமக்கு உரிய பங்கு கிடைப்பதில்லை' என்னும் உளப்பாட்டுத் தொடரும், 'எங்களுக்கு உரிய பங்கு கிடைப்பதில்லை' என்னும் உளப்படுத்தாத் தொடரும் ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பெறும். தமிழில் முன்னது வினவுவோரையும் உள்ளடக்கிய நாட்டையோ மாநிலத்தையோ சுட்டும். பின்னது விடையாளரின் ஊரையோ சாதியையோ வகுப்பையோ சுட்டக்கூடும். மூலத்தின் கருத்தை ஆய்வாளரிடம் கேட்டறியாமல் மொழிபெயர்ப்பாளர் தாமே முடிவு செய்தல் தகாது.

மூன்றாவது அண்மைப் பொருட்சொற்கள். வாழ்க்கை பற்றிய நிறைவையும் மகிழ்ச்சியையும் ஐரோப்பிய அளவாய்வு தனித்தனி வினாக்களால் அளக்கிறது. தமிழில் மனநிறைவு, திருப்தி, மகிழ்ச்சி, சந்தோஷம் எனச் சொற்கள் உள்ளன. 'திருப்தி', 'சந்தோஷம்' ஆகிய வழக்குச்சொற்களை இணையாகக் கொள்வதா, 'மனநிறைவு', 'மகிழ்ச்சி' ஆகியவற்றைக் கொள்வதா என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்ய வேண்டும். ஓராண்டு ஒன்றும் மறு ஆண்டு மற்றொன்றும் கொள்ளுதல் கூடாது.

நான்காவது, இணையவழிக்கே உரியது. தொடர்குழு வினாநிரல் சென்ற முறை கூறிய விடையை இம்முறை வினாவுக்குள் தானே நிரப்பிக் கேட்கும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன் ஓர் இடைச்சொல் இருந்தாற்போதும். தமிழில் வேற்றுமை உருபேற்கையில் பெயர் திரிகிறது: மதுரை 'மதுரையில்' ஆகும்; சேலம் 'சேலத்தில்' ஆகும்; ஈரோடு 'ஈரோட்டில்' ஆகும். உருபை இயந்திரமாக ஒட்டும் நிரல் 'சேலம்இல்' என்று காட்டும். 'சென்ற முறை நீங்கள் குறிப்பிட்ட ஊர்: சேலம். இப்போதும் அவ்வூரில் வசிக்கிறீர்களா?' என நிரப்பிடத்தை எழுவாய் வடிவிலேயே நிறுத்தி வினாவை அமைத்தல் எளிய தீர்வாகும். குடும்ப உறுப்பினரைக் குறிக்கும்போது 'அவன், அவள், அவர்' என்னும் வேறுபாடும் வினைமுற்றும் இவ்வாறே முன்கூட்டிக் கருதத்தக்கன. இவற்றை நிரல் எழுதுவோரிடம் விட்டுவிடாமல் மொழியறிஞர் தொடக்கத்திலேயே வடிவமைப்பில் பங்கு கொள்ளுதல் வேண்டும்.

8. முடிவுரை

டெலிபேனலை அமைத்த சாரிஸ், பின்னர் வினாவின் மொழிக்கூறுகளைக் கொண்டு அவ்வினா எவ்வளவு துல்லியமாக அளக்கும் என்பதை முன்னறியும் முறையை இர்ம்ட்ராட் கால்ஹோஃபருடன் இணைந்து உருவாக்கினார். குழு அமைப்பில் தொடங்கிய ஒருவர் வினாவின் மொழியில் வந்து சேர்ந்தது தற்செயலன்று. மக்களைத் தெரிந்தெடுக்கும் முறை எவ்வளவு நுட்பமாயினும், அழைப்புக் கடிதத்தின் மொழியைப் படிக்க இயலாதவர் குழுவில் சேரமாட்டார். வினாவின் நடை அயலாகத் தோன்றினால் சேர்ந்தவர் தங்கமாட்டார். வினாவின் சொல் மாறினால் தங்கியவரின் விடையும் ஒப்பிடத்தக்கதாக அமையாது.

இந்திய மொழிகளில் நெடுங்காலத் தொடர்குழு ஒன்று அமைக்கப்படுமாயின், மொழிபெயர்ப்பை இறுதிக் கட்டப் பணியாகக் கருதாமல் மாதிரி எடுக்கும் திட்டத்தோடு ஒருங்கே தொடங்குதல் இன்றியமையாதது. எந்தெந்த மொழிகள், எந்த நடை, எந்தச் சொல், அதற்கு என்ன காரணம் என்னும் நான்கையும் முதல் வினாவைக் கேட்பதற்கு முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். பத்தாண்டு கழித்து ஒரு விகிதம் ஏறியதாகவோ இறங்கியதாகவோ காணப்படும்போது, மாறியது மக்களா மொழியா என்று கேட்பவருக்கு விடை தரவல்லது அவ்வாவணம் ஒன்றேயாகும்.